நான்கு வீடுகளிலும் நின்றவர்

கிறீச்சென்று ஜீப் வந்து நின்ற சத்தத்தில், பிச்சாண்டி ஆற்றிக்கொண்டிருந்த டீ அவர் வேட்டியிலேயே கொட்டியது. போலீஸ் ஸ்டேஷன் அவர் டீக்கடைக்கு எதிர்ச்சாரியில்தான் இருந்தது. ஆனாலும் இன்ஸ்பெக்டர் எட்வின் ஜீப்பில்தான் வந்தார். தொடர் கொலைகாரனைப் பிடிக்க யாராவது நடந்து போவார்களா?

மனைவியைக் கொன்றுவிட்டுக் கணவன் தற்கொலை செய்துகொண்டதாக மூடப்பட்ட நான்கு பழைய வழக்குகளை அவர் மறுபடி திறந்திருந்தார். நான்கும் ஒரே ஆளின் கைவரிசை என்று அவருக்குச் சந்தேகம். ஆளும் கிடைத்துவிட்டான்.

“நாலு ஊரு, நாலு வீடு. போலீஸ் பிணத்தைப் பார்த்தப்போ நாலு இடத்துலயும் நீ நின்னிருக்கே. சாட்சிக் கையெழுத்து உன்னுதுதானே?”

“என்னுதுதாங்கய்யா.”

“அங்கெல்லாம் உனக்கு என்னய்யா வேலை?”

கைவிலங்கு வெளியே வந்தது. கூட வந்த ஏட்டு, பாய்லரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே நின்றேன் என்றால் தூக்கு, நிற்கவில்லை என்றால் பொய்ச்சாட்சிக்கு ஜெயில். பிச்சாண்டி ஜெயிலைத் தேர்ந்தெடுத்தார்.

“அந்த ஊருக்கெல்லாம் எந்த பஸ் போகும்னுகூடத் தெரியாதுங்கய்யா. ஸ்டேஷனுக்கு டீ கொண்டுவருவேன், காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவேன், கிளாஸை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். நேத்து உங்க மேஜையிலகூட மூணு கையெழுத்துப் போட்டேனேய்யா!”