கென்சாகுவின் வயிறு

பக்கவாதத்தில் பேச்சிழந்து கிடந்த கென்சாகுவுக்கு நாலு நாளாக மலம் போகவில்லை என்று டயப்பர் மாற்ற வரும் பெண் எழுதிவைத்திருந்தாள். எனிமா கொடுக்கும் முன், வீட்டுக்கு வந்திருந்த நர்ஸ் சிஹாரு அவர் வயிற்றில் கையடக்க ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தாள்.

அடைப்பே இல்லை. குடல் காலியாகக் கிடந்தது.

"வீட்டுக்காரருக்குச் சாப்பாடு குடுக்கறீங்களாம்மா?"

"ஒரு வேளை தவறல, நர்சம்மா," என்றாள் மனைவி தோமியே. "புளிப்பு பிளம் போட்ட கஞ்சின்னா அவருக்கு உசிரு."

"எங்க, காட்டுங்க."

தோமியே அடுத்த அறைக் கதவைத் தள்ளினாள். இறந்தவர்களைக் கும்பிடும் மாடத்தில் கென்சாகுவின் படம் இருந்தது. அதன் முன் பன்னிரண்டு கிண்ணங்களில் கஞ்சி காய்ந்திருந்தது.

சிஹாரு திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

"அந்தக் கட்டில்ல கிடக்கிற ஆளோட பெண்டாட்டி எங்க, நர்சம்மா? ஒரு நாள்கூட எட்டிப் பாக்கலையே," என்றாள் தோமியே.