மேயரின் சர்க்கரை

பெர்னிஸின் விரல் நிறையத் தேன். அந்தக் கையை மணிக்கட்டோடு இறுக்கிப் பிடித்திருந்தார் அவர் கணவர் காசிமிர்.

இருவருக்கும் நடுவே, சாப்பாட்டு மேசையில் விரித்த துண்டின்மேல், மேயர் துவண்டு கிடந்தது.

மேயர் ஒரு ஃபெரெட். கீரிப்பிள்ளையை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்து நீட்டி, கூடவே திருட்டுப் புத்தியையும் ஊட்டி வளர்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. ஈரி நகரத்தில் பாதிப் பேருடைய காலுறைகள் அதன் சோபாவுக்கு அடியில் இருந்தன. மீதிப் பேர் இன்னும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அதன் வாயோரம் எச்சில் வழிந்தது. கண் திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை.

"கைய விடு, கிழவா. செத்துரும்."

"தேன் வச்சாத்தான் செத்துரும். நானூத்திப் பன்னெண்டு, பெர்னி. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் தேன்தான் மருந்து. மேயரின் கணையத்தில் பயறளவு கட்டி ஒன்று குடியேறி, உடம்பிலிருந்த சர்க்கரையையெல்லாம் தின்று தீர்த்தது. மேயர் சுருண்டு விழும். பெர்னிஸ் ஈறில் தேன் தடவுவார். மேயர் எழுந்து அடுத்த காலுறையைத் தேடிப் போகும்.

பென்சில்வேனியா மாநிலத்தையே முக்கி எடுக்கும் அளவுக்குத் தேன் வாங்கினார்கள். கழிவறையில்கூட ஒரு பாட்டில் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் கட்டியை வெட்டி எடுத்தார்கள். கூடவே கணையத்திலும் ஒரு துண்டு போயிற்று. மிச்சக் கணையம் தூங்கிவிட்டது. பாதாளத்தில் கிடந்த சர்க்கரை கூரைமேல் ஏறி உட்கார்ந்தது.

தேன் பாட்டில்கள் உயரத் தட்டுக்குப் போயின. வீட்டுக்குள் இன்சுலின் வந்தது.

கால்நடை மருத்துவர் படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார். சர்க்கரை ஏறினாலும் துவளும், இறங்கினாலும் துவளும். பார்த்து முடிவு செய்யக் கூடாது. பாதத்தில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மீட்டரில் வைக்க வேண்டும். எண் அதிகமென்றால் ஊசி. குறைவென்றால் தேன். கணையம் எந்த நாளும் விழித்துக்கொள்ளலாம். விழித்த பிறகு போடும் ஊசி விஷம்.

ஒருவர் பிடிக்க, ஒருவர் குத்த, இதுவரை இருவரும் சேர்ந்தே செய்தார்கள். இன்று தவக்கால வெள்ளி. தேவாலயக் கூடத்தில் ஊருக்கே மீன் வறுக்க பெர்னிஸ் போய்விட்டார்.

காசிமிர் தனியாக மல்லுக்கு நின்றார். முக்கால் கிலோ உடம்பு. முதலையைப் போலப் புரண்டது. ஒரு வழியாகப் பாதத்தில் ஒரு சொட்டு சிவப்பு நின்றது. மீட்டர் அதை உறிஞ்சி 412 என்றது.

ஊசி போட்டார். அது நடந்து இரண்டு மணி நேரம் கழித்து பெர்னிஸ் வீடு திரும்பியபோது மேயர் இப்படிக் கிடந்தது.

மேயரின் உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. பற்கள் கிட்டித்துக்கொண்டன.

"இன்னொரு தடவ பாத்துருவோம்" என்றார் பெர்னிஸ். தேன் படாத கையாலேயே பாதத்தைக் குத்தினார். மீட்டரில் புதுச் சோதனைப் பட்டையைச் செருகிச் சொட்டை வைத்தார். மீட்டர் ஐந்திலிருந்து ஒன்றுவரை எண்ணியது. இந்த உலகத்தில் அதைவிட நீண்ட ஐந்து நொடிகளை யாரும் கண்டதில்லை.

29.

காசிமிரின் பிடி தானாகத் தளர்ந்தது.

தேன் ஈறில் ஏறியது. மறுபடி தேன். மறுபடி. வெகுநேரம் கழித்து மேயரின் நாக்கு ஒருமுறை வெளியே வந்து உள்ளே போனது.

பெர்னிஸ் மூச்சை விட்டுவிட்டுத் தன் மணிக்கட்டைப் பார்த்தார். கணவர் பிடித்திருந்த இடத்தில் இரத்தம் அப்பியிருந்தது.

காசிமிரின் கையை வெளிச்சத்தில் திருப்பினார். கட்டைவிரலில் அக்கம்பக்கமாக இரண்டு பல் தடங்கள். ஆழமானவை. இன்னும் கசிந்துகொண்டிருந்தன.

"எப்ப கடிச்சுது?"

காசிமிர் தன் விரலை உற்றுப் பார்த்தார். "கடிச்சுதா?"

இருவரும் அந்த விரலையும் மேயரின் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். 412 காட்டிய அந்த முதல் சொட்டு யாருடையது?

காசிமிருக்கு நாக்கு வறண்டது. மதியத்திலிருந்து நான்காவது முறையாக நிரப்பி வைத்திருந்த ஆரஞ்சு சோடாவை எடுத்தார்.

"அதக் கீழ வை, காசிமிர்" என்றார் பெர்னிஸ்.