அட்டைக்கு எத்தனை கால்?

"அட்டைக்குக் காலா? எந்த ஊரு அட்டைக்குங்க சார் கால் இருக்கு?"

ஞானேஸ்வரி செருப்பை வகுப்பறை வாசலில் கழற்றினாள்; கோபத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தாள். ஒரு கையில் ஜாம் போத்தல். மறு கையில் ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள் லோஷினி.

மகேந்திரராசா சார் திருத்தி முடித்த சுற்றாடல் பாட விடைத்தாள்களைப் புள்ளி வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். புள்ளிகளை நாளைக்குத்தான் வெளியிடுவார். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகிக் கண்டிக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. குளிர் பழகிவிட்டது, பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் பழகவில்லை.

"முதல்ல கதிரையில இருங்கோ அம்மா."

"உக்கார வரல சார். பதினேழாவது கேள்விக்கு நேத்து கிளாஸ்ல என்ன விடை சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க."

"கேள்வி, 'அட்டையின் கால்கள் பற்றி ஒரு வரியில் எழுதுக.' விடை, 'பல கால்கள் உண்டு.' புள்ளித் திட்டத்திலயும் அப்பிடித்தான் கிடக்கு."

"அந்தத் திட்டத்த யாரு போட்டது?"

"நான்தான்."

ஞானேஸ்வரி போத்தலை மேசைமேல் 'டொக்'கென்று வைத்தாள். விடியற்காலையில் ஹந்தானை மலைப் பக்கம் போய், தன் காலையே இரையாகக் காட்டிப் பிடித்து வந்தது. உள்ளே ஓர் அட்டை மெல்ல நீண்டு, மெல்லச் சுருங்கி, அடுத்தது யாருடைய இரத்தம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எண்ணுங்க சார், எத்தன காலுன்னு."

சார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இது இரத்தம் குடிக்கிறது. நான் கேட்டது இதில்லை. எங்கட பக்கம் மழைக்குச் சுவரில ஊருமே, தொட்டால் சுருண்டு போகும், அதுதான் அட்டை."

"அது மரவட்டைங்க சார். நான் தெல்தோட்டை தேயிலைத் தோட்டத்துல பொறந்தவ. என் ரத்தத்துல பாதி அட்டைதான் குடிச்சிருக்கு. எனக்கே அட்டை எதுன்னு பாடம் எடுக்கிறீங்களா?"

"சரி அம்மா, ஆனா உங்கட பிள்ளை..."

"எம் புள்ளைய இழுக்காதீங்க. கேள்வியப் பத்திப் பேசுங்க."

லோஷினி தாயின் சேலைத் தலைப்பை இழுத்தாள். "அம்மா, வாங்க போவோம்."

"நீ சும்மா இரு."

ஞானேஸ்வரிக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்? போன தவணைப் பரீட்சையில் லோஷினிக்கு இரண்டாமிடம். முதலிடம் கூடப் படிக்கும் பஸ்னாவுக்கு. வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. இந்தத் தவணை சுற்றாடல் பாடத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பழைய மாணவர் சங்கம் சைக்கிள் கொடுக்கிறது. கண்டி மேட்டில் அதை மிதிப்பதைவிடத் தள்ளுவதுதான் அதிகமாக இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். தள்ளிக்கொண்டாவது அது தன் வீட்டுக்கு வந்து சேரவேண்டும். வத்தேகமவில் இருக்கும் நாத்தனாரிடம் வேறு சொல்லித் தொலைத்துவிட்டாள்.

"கேள்வியில மரவட்டைன்னு இருக்கா சார்?"

"இல்லை."

"'நீர்'னு எழுத வேண்டிய எடத்துல 'தண்ணி'ன்னு எழுதினா புள்ளைங்களுக்கு அரைப் புள்ளி வெட்டுறீங்க. கேள்வி போடுறவரு மட்டும் வாய்க்கு வந்தத எழுதலாமா?"

சார் விடைத்தாள் கட்டின்மேல் கையை வைத்தார். "நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேளுங்கோ. இதை மாத்தினா லோஷினிக்கு..."

"லோஷினிக்குச் சேர வேண்டியது சேரும். நீங்க மாத்துங்க."

இந்த வாக்குவாதத்தில் போத்தலை இருவருமே மறந்துவிட்டார்கள். மூடியில் காற்றுக்காகப் போட்டிருந்த ஓட்டை வழியாக வெளியே வந்த அட்டை, மேசையைக் கடந்து, சாரின் சுண்டுவிரலில் ஏறி உட்கார்ந்தது. சார் கதிரையோடு பின்னால் போனார். கையை எவ்வளவு உதறியும் அது விழவில்லை. ஞானேஸ்வரிதான் நகத்தால் நிமிண்டி எடுத்து மறுபடி போத்தலுக்குள் போட்டாள்.

"பாத்தீங்களா சார்? கால் இல்லாமத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கு."

சார் விரலில் துண்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டார். "சரி, ஒத்துக்கொள்ளுறன். 'கால்கள் இல்லை' சரி, 'பல கால்கள்' பிழை. ஆனா பிறகு வந்து திருப்பி மாத்தச் சொல்லக் கூடாது."

"சத்தியமா சொல்ல மாட்டேன். எழுதித் தரவா?"

"தாங்கோ."

புள்ளித் திட்டத்தின் அடியில் 'அட்டைக்குக் கால்கள் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள் ஞானேஸ்வரி. அவளுக்கு மனம் குளிர்ந்துபோனது. மகளுக்காக ஒரு வாத்தியாரையே மடக்கிவிட்டாளே.

"இனி எம் புள்ளையோட பேப்பர எடுத்துத் திருத்துங்க சார்."

சார் கட்டின் உச்சியில் இருந்த முதல் தாளை எடுத்தார். லோஷினியின் பெயருக்குப் பக்கத்தில், சிவப்பு வட்டத்துக்குள் நூறு என்று இருந்தது. அதை வெட்டித் தொண்ணூற்றொன்பது என்று எழுதினார். அதற்கடுத்த தாள் பஸ்னாவுடையது. அதில் இருந்த தொண்ணூற்றொன்பதை வெட்டி நூறு என்று எழுதினார்.

ஞானேஸ்வரி மகளைப் பார்த்தாள். மகள் போத்தலைப் பார்த்தாள்.

"சாரோட அட்டை எதுன்னு எனக்குத் தெரியும்மா," என்றாள் லோஷினி. "அதனாலதான் பல கால்னு எழுதினேன்."