சிவந்த ஈறு

“அப்ப, அந்த ரத்தம் ட்ரம்பெட்ட உதட்டுல வச்சு அழுத்துனதால இல்லையா?”

“இல்லப்பா. டாக்டர் சொன்னப்ப நீயும்தானே இருந்தே? பல்லுல சேர்ற அழுக்கு ஒரு பக்கம். அது போதாதுன்னு தினமும் ரெண்டு பப்ஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ். ஈறு வீங்காம என்ன பண்ணும்? வாயைத் திற.”

“நான் போகலன்னா பேக்கரிக்காரர் கடையையே மூடிடுவாரு, பாவம்.”

“மூடட்டும்.”

ஜெரூஷா கணவனின் மேலுதட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தூக்குகிறாள். பீர்க்கன்கரணை ஏரியில் பட்டுத் திரும்பும் டிசம்பர் வெயில், சமையலறை ஜன்னல் வழியே ஜெர்சனின் வாய்க்குள் விழுகிறது. முன்பல்லைச் சுற்றி ஈறு செம்பருத்தி மொட்டு நிறத்தில் பளபளக்கிறது. விரல் பட்டதும் பல் இம்மியளவு அசைகிறது. ஈறு ஆறும்வரை ஊதக்கூடாது, ஊதினால் பல்லே போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுப்பில் முருங்கைக்கீரை வதங்குகிறது. இனி அவனுக்கு மாலையில் பப்ஸ் இல்லை, இதுதான். அடுத்த தெரு சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுக்கான பயிற்சி தொடங்குகிறது. முதலில் டிரம்ஸ், பிறகு கீபோர்டு. ட்ரம்பெட் சேர வேண்டிய இடம் வருகிறது. அங்கே யாரும் ஊதவில்லை, பாட்டு அந்த வெற்றிடத்தைத் தாண்டிப் போகிறது. ஜெர்சனின் மூன்று விரல்கள் அவள் மணிக்கட்டின் மேல், ட்ரம்பெட்டின் பொத்தான்களை அழுத்துவதுபோல, மாறிமாறி அழுத்துகின்றன. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கீரை அடிப்பிடிக்கும் வாசனை லேசாக வருகிறது.

“கிறிஸ்துமஸ் அன்னைக்கு ஒரே ஒரு பாட்டு, ஜெரூ. மெதுவாத்தான் ஊதுவேன். சரின்னு சொல்லேன்.”