சிவப்பு எழுத்தில் ஒரு வரி

"இதை எழுதினது யாரு?"

கைனாத் மேடம் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். தாம்பரத்தில் அவர் நடத்திய சின்ன அலுவலகம் போன வாரம்தான் ஒரு கல்யாண வெப்சைட்டை முடித்துக் கொடுத்திருந்தது. பெண்ணின் வயது நாற்பதைத் தாண்டினால் அது பதிவை ஏற்காமல், சிவப்பு எழுத்தில் இப்படிக் காட்டியது: 'இந்த வயசுல உனக்குக் கல்யாணம் கேக்குதா?'

ஹேமநாத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "நான்தான் மேடம். டெஸ்டிங் பண்றப்ப வெளையாட்டா எழுதினேன். எடுக்க மறந்துட்டேன்."

"நேத்து ஒரு அம்மா திரும்பத் திரும்ப முயற்சி பண்ணி, இதையே வாங்கிக் கட்டிக்கிட்டிருக்காங்க. பேர் பதிவாகலை, போன் நம்பர் மட்டும்தான் நமக்கு வந்திருக்கு. இப்பவே கூப்பிட்டு மன்னிப்பு கேளு. என் எதிர்லயே."

அவர் சொல்லச் சொல்ல, ஹேமநாத் தன் செல்போனில் எண்களை அழுத்தினான். முன்பின் தெரியாதவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று கூசிக்கொண்டே பச்சைப் பொத்தானை அமுக்கினான்.

திரையில் எண் மறைந்து 'அக்கா' என்று வந்தது.

தம்பியின் படிப்புக்காகத் தனக்கு வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்த ஜோதிலட்சுமி, முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுப்பா. சாப்ட்டியா?"