கம்பத்தில் ஆள் இருக்கிறார்

“ஜெனரேட்டரா? எங்க வீட்டுல ஏதுங்க ஜெனரேட்டர்?” என்று மருந்துக்கடைக்காரர் கேட்டபோது, பின்கட்டில் அது தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்ற பெண் சிரிக்கவில்லை. தலைக்குப் பெரிதான மஞ்சள் ஹெல்மெட், முட்டி வரை சேறு.

“அப்ப பின்னாடி விடாம இருமறது யாருங்க?”

மருந்துக்கடைக்காரர் தெருவை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. தெரிஞ்சா ஊரே போனைத் தூக்கிட்டு சார்ஜ் போட வந்து நிக்கும்.”

“வரட்டும், வராம போகட்டும். அதை நிறுத்துங்க. கம்பத்துல ஆள் ஏறப் போறார்.”

கம்பம் என்றதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புயல் தீவைப் புரட்டிப் போட்டதிலிருந்து கேட்ட சமாதானமெல்லாம் தொண்டைக்கு வந்தது.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா உங்க கரண்ட் ஆபீசுக்கு? நிவாரணக் கப்பல் வருது, கப்பல் வருதுன்னு ரேடியோ தினமும் சொல்லுது. அந்தக் கப்பல் என்ன, நடந்தா வருது? கூரைக்குத் தார்ப்பாய் இல்லை, குடிக்கத் தண்ணி இல்லை. இருக்கிற ஒண்ணையும் நிறுத்துன்னு சொல்ல மட்டும் ஆள் வருது!”

அவள் இதையே ஒவ்வொரு வாசலிலும் கேட்டுவிட்டு வந்தவள்போல, அவர் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தாள்.

“சொல்லி முடிச்சாச்சாண்ணா? இப்ப நிறுத்துங்க.”

“நிறுத்தினா திரும்பக் கிளம்பாதும்மா. கயிறை இழுத்து இழுத்து என் தோள்பட்டையே கழண்டு போச்சு. உள்ளே ஃபிரிட்ஜ்ல இன்சுலின் இருக்கு. இந்த வட்டாரத்துக்கே அதுதான். கெட்டுப் போச்சுன்னா நாளைக்கு யார் பதில் சொல்றது? நீங்களா?”

அதற்குள் அவர் மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். “என்னங்க சத்தம்? பாவம், வெயில்ல நிக்க வச்சுப் பேசறீங்க. உள்ள வாம்மா.”

அவள் உள்ளே வந்தாள். உட்காரச் சொன்னதைக் கவனிக்கவில்லை. பின்கட்டிலிருந்து வந்த கறுப்பு ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து போனாள். அது ஜன்னல் வழியாக நுழைந்து, சுவரில் இருந்த பிளக்கில் போய்ச் செருகியிருந்தது.

“ரெண்டு முனையிலயும் பின் வச்ச ஒயரு. சுவத்துல சொருகினா வீடு முழுக்க கரண்ட், இல்லையா?”

“ஆமா. அதுல என்ன தப்பு?” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே. “நானே பண்ணினது.”

“மெயின் சுவிட்சை இறக்கினீங்களா?”

“அதை ஏன் இறக்கணும்? கரண்ட்தான் இல்லையே!”

அவள் முகம் ஒரு கணம் என்னவோ போலாயிற்று. பிறகு, பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். “உங்க மெஷின் கரண்ட் உங்க வீட்டோட நிக்காதுண்ணா. மீட்டர் வழியாத் திரும்பிக் கம்பத்துக்குப் போகும். டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆயிடும். செத்த லைன்னு நினைச்சு அவர் கை வைப்பார். அப்படி வர்ற கரண்டை மண்ணுல இறக்கிவிடற எர்த் கம்பிகூட அவங்ககிட்ட இல்லை. அதுவும் கப்பல்லதான் வருதாம்.”

மருந்துக்கடைக்காரரின் மனைவி ஜன்னல் வழியே பார்த்தாள். தெருமுனைக் கம்பத்தில் ஒருவன் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

“உன் வீட்டுக்காரராம்மா?”

அவள் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுக்காரரும் லைன்மேன்தாங்க” என்றாள்.

அதற்கு மேல் மருந்துக்கடைக்காரரின் மனைவி யாரிடமும் கேட்கவில்லை. பின்கட்டுக்குப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினாள். ஒயரைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தாள். அவள் மெயினையும் இறக்கிவிட்டு, “ஃபிரிட்ஜைத் திறக்காதீங்க” என்று மட்டும் சொல்லி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வீடு சட்டென்று ஊமையானது. மருந்துக்கடைக்காரர் ஃபிரிட்ஜ் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அவள் அடுத்தடுத்த கதவுகளைத் தட்டுவதும், திட்டு வாங்குவதும், மறுபடி தட்டுவதும் கேட்டுக்கொண்டே இருந்தன. தெருவில் ஒவ்வொரு சத்தமாக அடங்கியது. தன்னைப்போல இத்தனை பேர் ஒளித்து வைத்திருந்தார்களா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

நிழல் சாய்ந்த நேரம் தெருவில் ‘கரண்ட் வந்துடுச்சு’ என்று ஒரே கூச்சல். மனைவி ஓடிப்போய் மெயினை ஏற்றினாள். ஃபிரிட்ஜ் ஒரு முறை சிலிர்த்துவிட்டு ஓட ஆரம்பித்தது. மருந்துக்கடைக்காரர் அழுதுவிடுவார் போலிருந்தது.

மிச்சமிருந்த நல்ல தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு கம்பத்தடிக்குப் போனார். லைன்மேன் இறங்கிக் கயிறைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டிருந்தாள்.

“குடிங்க தம்பி. உங்க வீட்டம்மாகிட்ட கொஞ்சம் கடுமையாப் பேசிட்டேன். மனசுல வச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க. ஆனாலும் புருஷன்மேல இவ்வளவு உசிரு நான் பார்த்ததில்லை.”

லைன்மேன் சொம்பை வாங்காமல் அவரைப் பார்த்தான். “அவங்க என் வீட்டம்மா இல்லைங்க. ஆபீஸ் ஆளும் இல்லை. எங்க சீனியரோட சம்சாரம். புயல் அடிச்ச கொஞ்ச நாள்ல அவர் அவங்க தெருக் கம்பத்துல ஏறினப்ப, ஒரு வீட்டு ஜெனரேட்டர் கரண்ட் திரும்பி வந்து அடிச்சு, அங்கேயே போயிட்டார். அதுல இருந்து நாங்க போற தெருவுக்கெல்லாம் முன்னாடி இவங்க போய்டறாங்க.”

“அடப்பாவி!” மருந்துக்கடைக்காரர் கொதித்தார். “எந்தப் பாவி வீட்டுலய்யா அது ஓடுச்சு?”

“அவங்க வீட்டுலதாங்க. வேலை முடிஞ்சு வர்ற மனுசனுக்கு வெந்நீர் போட்டு வைக்கலாம்னு ஓட விட்டிருக்காங்க.”