கைதட்டலுக்கு நடுவில் ஒரு சிரிப்பு

“கைதட்டல் எல்லாம் நெட்ல காசு குடுத்து வாங்கின சத்தம்டி. மேடையில பாடுற மாதிரி இருக்கட்டும்னு அடியில போட்டிருக்கேன்.” கணவன் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்கிறான். அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. எதிரொலி வராமல் இருக்க அவன் சுவரெங்கும் தொங்கவிட்டிருக்கும் கம்பளிகள் பகல் வெளிச்சத்தையும் சேர்த்துக் குடித்துவிட, படுக்கையறை மங்கிக் கிடக்கிறது. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வாரத்தில், இங்கே கிதாரோடு தனியாக உட்கார்ந்து பாடியதாம் இந்தப் பாட்டு. இரண்டாம் சரணத்தில் அவன் ஒரு வரியை மறந்து தடுமாறுகிறான். உடனே ஒரு பெண் களுக்கென்று சிரிக்கிறாள். கைதட்டல் ஏதோ பெரிய கூடத்தில் முழங்கி அடங்குகிறது. சிரிப்புக்கு மட்டும் எதிரொலியே இல்லை. அவன் குரலைப் போலவே, இந்தக் கம்பளிகளுக்கு நடுவிலிருந்து வருவதுபோல் காதோரம் கேட்கிறது.

“நீங்க வரி மறப்பீங்கன்னு அந்த மகராசிக்கு முன்னாடியே தெரியுமா?”

“பொருத்தமா இருக்கேன்னு நான்தான் அங்க வெட்டி ஒட்டினேன். எதுக்கெடுத்தாலும் துருவாத.”

திரையில் பச்சைக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நடுங்கி ஓடுகின்றன. அவன் பாட்டுக்கு ஒரு கோடு, கைதட்டலுக்கு ஒரு கோடு. சிரிப்புக்கென்று தனிக் கோடு எதுவும் அவள் கண்ணில் படவில்லை.

“சரி, கைதட்டலை நிறுத்துங்க. உங்க பாட்டை மட்டும் போடுங்க, கேக்கலாம்.”